சூப்பர்வைசருக்கு ஒரு ஃபோர்க்

அம்மா, உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுறேன். அந்தக் காலோட முட்டிவலி இப்ப எப்படி இருக்கு? மாத்திரையைப் பாதியில நிறுத்தாதே. நான் நல்லா இருக்கேன்.

எங்க குடோன் சூப்பர்வைசரைப் பத்திச் சொல்லியிருக்கேனே, நான் கையால சாப்பிடுறதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கிட்டு, "ஓரமாப் போய் உட்காரு"ன்னு கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் சொன்னவன். அன்னையிலேர்ந்து கறுவிக்கிட்டே இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை, கோழி இறக்கையை மட்டும் பொரிச்சுக் குடுக்கிற கடைக்குப் போனேன். எல்லாரும் குடும்பம் குடும்பமா வந்திருந்தாங்க. தனியா வந்தது நான்தான். பக்கத்து மேசையில யாரு? அதே மகராசன், பொண்டாட்டி பிள்ளைங்களோட! பத்து விரல்லயும் சாஸ் வழிய எலும்பை உறிஞ்சிக்கிட்டிருந்தான்.

பரிமாறுற பொண்ணைக் கூப்பிட்டு, "அந்த சாருக்குக் கையால சாப்பிட்டா ஆகாது"ன்னு சொல்லி, ஒரு ஃபோர்க்கும் கத்தியும் அனுப்பிவச்சேன். திரும்பிப் பார்த்தான். நான் நிதானமா விரலை நக்கினேன். "யாருப்பா அது?"ன்னு அவன் மக கேட்டா. அவன் முகத்துல ஈயாடலை.

பயப்படாதே, வேலைக்கு ஒண்ணும் ஆகாது. உன் பழைய நூல் புடவையில ஒரு துண்டு கிழிச்சு அனுப்பு. இங்க குடுக்கிற காகிதத்துல துடைச்சா கை துடைச்ச மாதிரியே இல்லை.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. இன்னிக்கு மத்தியானம் அவன் எதிர்லயே உட்காரப்போறேன். கையாலதான் சாப்பிடுவேன்.

உன் மகன்