கடலுக்குப் பாடு மாற்றிய விவகாரம்

பழவேற்காடு,
மார்ச் 27.

அன்பு மகள் ஜமுனாவுக்கு உன் நைனா தேசப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா கஸ்தூரி சுகம், அவளுடைய வலது முழங்கால் மட்டும் சுகம் இல்லை, தைலம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த நார்வே மழையிலும் குளிரிலும் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோம், இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதி, பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய் ஸ்பீடு போஸ்ட் போட்டிருக்கிறான் என்று நினைப்பாய். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் அம்மா. ஏப்ரல் பதினெட்டாம் தேதி நீ அந்தப் பெரிய கூட்டத்தில் மேடை ஏறிப் பேசுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய், நான் கருவாடு வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் நீ கொடுத்துவிட்டுப் போன ஆராய்ச்சி போனில் தட்டுவதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகும் என்று நீ சொல்லியிருக்கிறாய், என் சொந்தப் போன் மேலேயும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதனால் காகிதம்.

முதலில் ஊர் சமாச்சாரம். ஏரியில் இந்த மாதம் இறால் பரவாயில்லை. அந்தக் கருவாட்டை வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, போன தடவை தீ மணி அடித்து எல்லாரும் படி இறங்கி ஓடியது போல ஆக வேண்டாம். டீக்கடையில் இனாயத்துல்லா பாயிடம் உன் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. பருவநிலை மாறுகிறது என்று ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் எப்படிச் சொன்னால் ஜனங்கள் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று ஆராய்ச்சி பண்ணுகிறாள், டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள் என்று நானும் விலாவாரியாகச் சொன்னேன். பாய் கடைசி வரை கேட்டுவிட்டு, போன்ல வர்றத பாக்கறதுக்கு சம்பளமா, எங்க வூட்ல அனஸ் அத சும்மாவே பாக்கறானேன்னு சொன்னார். அனஸ் அவர் தம்பி மகன். அவனுக்கும் அங்கே ஒரு வேலை பார்க்கச் சொல்கிறார். நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நம் தெரு பிரகாஷ் மகள் கல்யாணம் வைகாசியில் முடிவாகிவிட்டது. அந்தக் கல்யாணம் நிற்கப் பார்த்ததில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது.

பொங்கலுக்கு நீ வந்தபோது அறுபது வீட்டிலும் ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கினாய். முப்பது வீடு ஏ லிஸ்ட், முப்பது வீடு பி லிஸ்ட். ஏ லிஸ்ட்டுக்குப் பயம் காட்டுகிற செய்தி, நம் தெருவையே படம் பிடித்து அதில் முட்டளவு தண்ணீர் நிற்கிற மாதிரி. பி லிஸ்ட்டுக்குத் தைரியம் சொல்கிற செய்தி, ஏரிச் சேற்றில் கண்டல் செடி வைத்தால் வேர் பிடித்துக் கரை நிற்கும், நாம் நினைத்தால் முடியும் என்று. நாலு வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், பிறகு கண்டல் நட யார் யார் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். போனை என் கையில் கொடுத்தாய், உதவிக்குச் சம்பளம் பேசி நம் பிரின்சியை வைத்தாய். யாருக்கு எந்த லிஸ்ட் என்று யார் முடிவு பண்ணினது என்று கேட்டேன். நீ சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டே, சீட்டு குலுக்கித்தான் நைனா பிரிச்சிருக்கேன், நம்ம பாடு மாதிரின்னு வெச்சுக்கோன்னு சொன்னாய். சொன்னாயா இல்லையா? உன் அம்மா சாட்சி.

இப்போது நீயே யோசித்துப் பார். இருபத்திரண்டு வருஷம் இந்தக் குப்பத்துக்குப் பாடு எழுதினவன் நான். ஏரியில் இறால் கொட்டுகிற இடமும் உண்டு, வலையை நனைத்துக்கொண்டு வருகிற இடமும் உண்டு. சீட்டு குலுக்கி இடம் பிரிக்கிறோம், ஆனால் ஒருத்தன் காலம் பூராவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இந்த முறை வெறும் இடத்தில் நின்றவன் அடுத்த முறை நல்ல இடத்துக்குப் போவான், நல்ல இடத்தில் நின்றவன் ஒதுங்கிக்கொள்வான். அப்படி மாற்றிவிடுவதால்தான் இத்தனை காலம் இங்கே மண்டை உடையவில்லை. அதற்குப் பெயர்தான் பாடு. நீ பாடு மாதிரி என்றாய், நான் பாடு மாதிரி செய்தேன். செய்தியை எப்படிச் சொன்னால் ஜனங்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று படிக்கிறவள் நீ, உன் நைனாவுக்கு இன்னும் ஒரே ஒரு வரி கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். சரி, பழியை உன் மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை.

நடந்தது இதுதான். பிரகாஷ் வீடு ஏ லிஸ்ட். அவன் வீட்டுக்கும் மேரி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேரி வீடு பி லிஸ்ட். முதல் வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டுக்கும் செய்தி போயிற்று. இவன் போனில் கடல் வருகிறது, அவள் போனில் கவலைப்படாதீர்கள் என்கிறது. மேரி சும்மா இருப்பாளா, நம்ம ஜமுனாவே சொல்லிச்சி எங்களுக்கு ஒன்னும் ஆகாதாம், அந்தாண்ட பக்கந்தான் முழுவுமாம்னு தெருக்குழாயில் நின்று சொல்லியிருக்கிறாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பிரகாஷ் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காபி கொடுத்து, பூ வைத்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது நான் செய்தியை அனுப்பிவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளையின் தாய்மாமன் பிரகாஷ் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, தல தீவாளிக்கு எங்க புள்ள படகு ஏறி வந்து தான் இந்த வூட்ல எறங்கணுமான்னு கேட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார்.

பிரகாஷ் நேராக நம் வீட்டுக்கு வந்தான். எம் வூட்டுக்கு மட்டும் கடலு வருது, செவுத்துக்கு இந்தாண்ட நின்னுடுமா, இன்னா நாயம் இது நைனா, சீட்டு போட்டியே எப்பத் திருப்பிப் போடப் போறன்னு கேட்டான். அவனுக்குப் பின்னால் ஏ லிஸ்ட்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது என்பது எங்களுக்குப் புதுச் செய்தி இல்லை ஜமுனா, கிணற்றுத் தண்ணீர் உப்பானதைக் குடித்துப் பார்த்துத்தானே தெரிந்துகொண்டோம். அன்றைக்கு யாரும் அதை மறுக்கவில்லை. ஏன் எங்களுக்கு மட்டும் என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. பிரின்சி மட்டும், பெரிப்பா அக்கா மாத்தச் சொல்லலியே, ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு மெதுவாகச் சொன்னாள். நீ பாடு பாத்திருக்கியா, எனக்குச் சொல்ல வந்துட்டியான்னு அந்தப் பெண்ணை அதட்டி உட்கார வைத்துவிட்டேன். மூன்றாவது வெள்ளியும் நாலாவது வெள்ளியும் பயம் பி லிஸ்ட்டுக்குப் போயிற்று, தைரியம் ஏ லிஸ்ட்டுக்குப் போயிற்று.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா. பிரகாஷ் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போன் போட்டு, கடலு எங்க வூட்ட வுட்டுட்டு மேரி வூட்டுக்குப் பூட்ச்சின்னு சொல்லி, தாய்மாமனுக்குப் புதுச் செய்தியையும் அனுப்பி, கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டான். மேரி நம் வாசலில் வந்து, போன வாரம் வரிக்கும் நல்லாத்தான இருந்தோம், அதுக்குள்ள இன்னா ஆச்சி, நான் யாருக்கு இன்னா கெடுதல் பண்ணேன்னு அழுதாள். உனக்கும் எனக்கும் ஒரே கடல்தான், இது முறை மாறி வந்திருக்கிறது என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். மூன்று நாள் உன் அம்மாவோடு அவள் பேசவில்லை.

கண்டல் நட்ட ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு வீட்டிலிருந்து வந்தார்கள், அதில் இருபத்தாறு வீடு ஏ லிஸ்ட். அந்தக் கணக்கைப் பிரின்சி உனக்குச் சரியாக அனுப்பினாள். நீ அதைப் பார்த்துவிட்டு, நாலு வாரமும் பயந்தவர்கள்தான் அதிகம் வந்திருக்கிறார்கள், யாரும் எதிர்பார்க்காத முடிவு, உனக்கு மேலதிகாரியான இங்கிரிட் அம்மாவே கைகொடுத்தார்கள், இதை வைத்துத்தான் வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டப்போகிறார்கள் என்று குதித்தாய். அவர்கள் பயந்து வந்தார்களா, தப்பித்துக்கொண்டோம் என்ற சந்தோஷத்தில் வந்தார்களா, கடவுளுக்குத்தான் தெரியும். பி லிஸ்ட்டில் வராதவர்களில் பாதிப் பேர் உன் மேல் கோபத்தில் வரவில்லை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் உன் அம்மா, எம் பொண்ணு கூப்ட்டு எவ வரலியோ அவ வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்னு தெருத்தெருவாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனாள். முழங்கால் பிடித்துக்கொண்டதால் பாதித் தெருவோடு நின்றாள், இல்லாவிட்டால் அறுபதும் வந்திருக்கும். அந்தச் சத்தம் உன் எந்த லிஸ்ட்டிலும் இல்லை.

நான் செய்தது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. நீ குதித்த அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. பிரின்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஆமாம் பெரிப்பா, எல்லாமே வீணாப் போயிருக்கும்னு அழுதுவிட்டாள். உன் அம்மா, வாய மூடிக்கினு இரு, பொண்ணு பொழப்புல மண்ணப் போடாதன்னு சொன்னாள். நானும் பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது, நல்ல காரியத்துக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, இனிமே பயம் காட்டித்தான் சொல்லணும் நைனா, எங்க முடிவ வெச்சு வேற நாட்டுல கூட அப்படி எழுதப் போறாங்கன்னு சொன்னாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் முறை மாற்றிய ஒரு காரியத்தால், பேர் தெரியாத ஊரில் எவனோ ஒரு பிரகாஷ் வீட்டுக்குக் கல்யாண நேரத்தில் கடல் போய் நிற்க வேண்டுமா? அவனுக்கு முறை மாற்றிக் கொடுக்கவும் அங்கே ஆள் இருக்காது.

அதனால் எந்த வெள்ளிக்கிழமை எந்த லிஸ்ட்டுக்கு எந்தச் செய்தி போனது என்று வீடு வாரியாக எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிரின்சி சரிபார்த்தாள், நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை அப்படியே இங்கிரிட் அம்மாவிடம் கொடு. உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எட்டு வருஷம் படித்து, ராப்பகலாக உழைத்து, எல்லாம் கைகூடுகிற நேரத்தில் பெற்ற தகப்பனே கெடுத்தேன். கோபப்படு, திட்டு, பத்து நாள் பேசாதே, நான் வாங்கிக்கொள்கிறேன். வேலையை நீட்டாமல் போனால் எனக்கும் நெஞ்சு வெடிக்கும். ஆனால் உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டு மேடை ஏறாதே. அங்கே உன்னைக் கண்டுபிடிக்க யாரும் இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் அம்மா நல்லெண்ணெய் அனுப்புகிறாள், தேய்த்துக் குளி. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதினெட்டாம் தேதி இதைச் சொல்லும்போது உள்ளூர் உதவியாளர் செய்த பிழை என்று சொல்லிவிடாதே, பிரின்சி தலையில் விழும். என் நைனா செய்த தப்பு என்று சொல். அவ்வளவு பெரிய சபையில் நீ என்னை உன் நைனா என்று சொல்வதற்கு இதைவிட்டால் எனக்கு வேறு எப்போது கொடுத்துவைக்கப்போகிறது?

உன் நைனா,
மு. தேசப்பன்.