நடத்தாமல் விட்ட பகுதி

காரைக்கால்
7.7.2024

அன்புள்ள லேகாவுக்கு,

இங்கே நலம். நீயும் யானத்தில் கோதாவரிக் காற்று வாங்கிக்கொண்டு நலமாக இருப்பாய். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் நீ ‘ம்’ என்கிறாய். நான் ‘அப்புறம்’ என்கிறேன். நீ ‘வைக்கட்டுமா’ என்கிறாய். போன மாதம் முழுக்க நாம் பேசியதை எழுதினால் தபால் கார்டில் பாதிகூட நிரம்பாது. கடிதம் என்றால் பாதியில் நீ வைத்துவிட முடியாது, பார்.

ஊர்ச் செய்தி. மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து யாரோ பக்தியோடு எறிந்த மாம்பழம் என் மூக்குக் கண்ணாடியில் வந்து விழுந்தது. பழத்தைப் பக்கத்திலிருந்த அம்மாள் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கிடைத்த பிரசாதம் உடைந்த கண்ணாடிதான். வீடு பெருக்க வரும் பூவாயி, “சாரு வச்ச ரசத்த நாய்க்கு ஊத்துனேன், அது என்னய ஒரு பார்வ பாத்துச்சு” என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நாயைத் தெருவில் பார்த்தால் இப்போது நான்தான் ஒதுங்கிப் போகிறேன்.

கல்லூரி திறந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கியத்துக்கு இந்த வருஷமும் கிரேக்கக் காவியங்கள் இரண்டும் என் தலையில்தான். அந்தப் பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையாததால் பிள்ளைகள் பட்டம் வைத்துவிட்டார்கள். யாராலும் வெல்ல முடியாத கோபக்கார வீரன் ‘சண்டியர்’. மகனைப் போரில் பறிகொடுக்கும் வயசான ராஜா ‘பெரியவர்’. பத்து வருஷம் கடலில் அலைந்து வீடு திரும்புகிறவனைப் பற்றிச் சொன்னபோது, கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் மாறன் எழுந்து, “பத்து வருசமா சார்? எங்கப்பா இஞ்சின் நின்னுபோயும் மறுநாளே கரைக்கு வந்தாரு. அந்தாளுக்கு வீட்டுக்கு வர மனசில்ல சார்” என்றான். இருபத்தாறு வருஷமாக நடத்துகிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

வீட்டுக்கு வருவதென்றதும் நினைவு வந்தது. மாற்றல் விருப்பப் படிவத்தை இந்த மாதம் வாங்கி, செப்டம்பர் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாமே? உன் பழைய ஆபீஸ் தியாகராசன் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். யானத்துக்கு மாற்றல் என்றால் புதுச்சேரி சர்க்காரில் ஆளாளுக்கு மெடிக்கல் சர்டிபிகேட்டோடு ஓடுவார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு போன ஒரே பிறவி நீதான். இரண்டு வருஷம் போதாதா? காரைக்கால் என்று எழுதேன்.

இன்னொன்று. நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் அஸ்ஃபியா உட்கார்ந்திருக்கிறாள். நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறாள்.

உன்
தெட்சிணாமூர்த்தி

*

யானம்
19.7.2024

செல்வி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரசத்துக்குப் புளியைக் கொதிக்கவிடாமல் இறக்குகிறீர்கள், அதுதான் குற்றம். நாயிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆபீஸில் இதைச் சொன்னேன். தெலுங்குக்காரர்களுக்கும் சிரிப்பு வந்தது.

சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? செல்வி இருந்தபோது ஞாயிறு தவறாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வாக்கிங் போனீர்கள். இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து, என்னவோ சாதித்துவிட்டவர்கள் மாதிரி வருவீர்கள். அதையும் ஏன் விட்டுவிட்டீர்கள்? அவள் இல்லாவிட்டால் சர்க்கரையும் இல்லாமல் போய்விடுமா?

அந்தப் பெண்ணின் பேரை இனி எனக்கு எழுத வேண்டாம். கல்லூரி விண்ணப்பம் வாங்க என்று என் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனாள். கோட்டுச்சேரி மதகில் மோதினாள். இவள் எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காலை இழுக்கிறாளாம். இழுக்கக் கால் இருக்கிறதே.

படிவத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

லேகா

*

காரைக்கால்
11.8.2024

அன்புள்ள லேகாவுக்கு,

நாயிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. வாலை ஆட்டவில்லை.

பேரை எழுதவேண்டாம் என்றாய், எழுதவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு தகராறு நடந்துவிட்டது. உனக்குத்தான் சொல்ல வேண்டும், வேறு யாரிடம் சொன்னாலும் என் மானம் கப்பலேறும்.

அந்தப் போர்க் காவியத்தின் கடைசிப் பகுதி உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் உட்காரவைத்துச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே கடலைக்காய் உரித்து முடித்தாய். சண்டியர் பெரியவரின் மகனைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுத்து, கொடுக்காமல் வைத்துக்கொள்கிறான். பெரியவர் தனியாக எதிரிப் பாசறைக்குப் போகிறார். மகனைக் கொன்ற கையைப் பிடித்து முத்தமிட்டுப் பிள்ளையின் உடலைக் கேட்கிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள். பிறகு உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் இதை நான் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நிற்பார்கள். அந்தப் பெருமையில் பாதி பொய், பாதி நிஜம்.

செல்வி போனபிறகு அதை நடத்தவில்லை. “இது பரீட்சையில வராது, தள்ளிட்டுப் போங்க” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். என் கெட்ட நேரம், போன வருஷம் பத்து மார்க்குக்கு அதுவே வந்தது. முப்பத்தொன்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் விட்டுவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் பெரியவர் சண்டியருக்குப் பெண் கேட்டுப் போனதாக மூன்று பக்கம் எழுதியிருந்தான். அவனுக்குத் தைரியத்துக்காக ஒன்றரை மார்க் போட்டேன்.

இந்த வருஷப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. போன புதன்கிழமை நான் பக்கத்தைப் புரட்டியதும் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்: “சார், அந்தப் பகுதிய இந்த வருசமாவது நடத்துவீங்களா? நான் படுக்கைல இருந்த எட்டு மாசமும் அதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.”

என்னிடம் எப்போதும் கைவசம் ஒரு ஜோக் இருக்கும். அன்றைக்கு இல்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

உன்
தெட்சிணாமூர்த்தி

*

யானம்
1.9.2024

செல்வி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அந்தக் கதையைச் சொல்லி என்னை மன்னிக்கவைக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் முதலில் கோபம் வந்தது. நான் பெரியவர் இல்லை. கொன்ற கையைப் பிடிக்க எனக்கு மனசு வராது. ராஜாக்களுக்கு வரலாம், என்னை மாதிரி ஆபீஸ் சூப்பரின்டென்டென்டுக்கு வராது.

அப்புறம் நீங்கள் ஒண்டியாக ரசம் வைத்துக்கொண்டு, வகுப்பில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் நீங்கள் ஜோக் அடிக்க முடியாமல் நின்றதாக நான் கேள்விப்படுவது இதுதான் முதல்முறை. பாவமாக இருந்தது.

படிவம் வாங்கிவிட்டேன். காரைக்கால் என்று எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை, முப்பதாம் தேதிக்குள் கொடுத்துவிடுவேன். பொங்கலுக்கு முன்னால் ஆர்டர் வந்துவிடும் என்கிறார்கள். செல்வியின் அறையைப் பூவாயியை விட்டுத் தூசி தட்டச் சொல்லுங்கள். எதையும் இடம் மாற்ற வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பெண் நம் வாசற்படி ஏறக்கூடாது. தெருவில் பார்த்தாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவேன். அதற்கு என்னைக் குறை சொல்லக்கூடாது.

வரும்போது இந்த ஊர் இனிப்பு பூதரேகுலு வாங்கி வருகிறேன். உங்களுக்கு ஒன்று மட்டும்.

லேகா

*

காரைக்கால்
15.9.2024

அன்புள்ள லேகாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ‘லேகா வருகிறாள்’ என்று சொன்னேன். பூவாயி அறையைத் தூசி தட்டினாள். எதையும் இடம் மாற்றவில்லை. உன் கடிதம் பத்து நாள் என் சட்டைப்பையில் இருந்தது. நான் சும்மா இருந்தால் போதும், நீ வந்துவிடுவாய். சும்மா இருப்பதில் எனக்கு இரண்டு வருஷ அனுபவம் உண்டு.

வெள்ளிக்கிழமை அந்தப் பகுதியை நடத்தினேன். ஒருவர் வாசிக்க, நான் விளக்குவது வழக்கம். அஸ்ஃபியா தானாக எழுந்து வாசித்தாள். (பேரை எழுதிவிட்டேன். இந்த ஒரு கடிதத்துக்குப் பொறுத்துக்கொள்.) பெரியவர் குனிந்து அந்தக் கையைப் பிடிக்கும் இடம் வந்தது. “எப்புடி சார் அந்தக் கையத் தொட்டாரு?” என்று மாறன் கேட்டான். நான் விளக்க வேண்டிய இடம் அது. சாக்பீஸ் எடுக்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். சாக்பீஸ் என் கையிலேயே இருந்தது.

மத்தியானம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். “சார், நான் யாருட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீங்க அதுக்குப் பயந்துக்கிட்டு அந்தப் பாடத்த விட்டுடாதீங்க” என்றாள். இரக்கப்பட்டுத்தான் சொன்னாள், லேகா. என் மாணவி என்மேல் இரக்கப்பட்டாள்.

நாங்கள் ஒருநாளும் வாக்கிங் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலைக்கு அஸ்ஃபியா தன் ஸ்கூட்டரைக் கொண்டுவருவாள். நான் பின்னால் ஓட, செல்வி ஓட்டப் பழகினாள். லைசென்ஸ் வாங்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். பதினெட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது. உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்கிறோம் என்பதே அவளுக்கும் எனக்கும் பெரிய விளையாட்டு. விண்ணப்பம் வாங்கப் போன அன்றைக்கு வாசலில் வண்டியை வைத்துக்கொண்டு, “அப்பா, நானே ஓட்டிட்டுப் போவட்டா?” என்று கேட்டாள். நீ பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். “தெருமுனை தாண்டிட்டு மாத்திக்க, அம்மா பாத்தா எனக்குச் சோறு கெடைக்காது” என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். தெருமுனை தாண்டி மாறி உட்கார்ந்தார்கள். மதகில் மோதும்போது ஓட்டியவள் நம் பெண். அஸ்ஃபியா பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளிடம் நீ, “யாருடி ஓட்டுனது?” என்று கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். “நாந்தான் ஆன்ட்டி” என்றாள். நீ அவளை அறைந்தாய். நான் உன் கையைப் பிடித்து, “விடு லேகா, சின்னப் பொண்ணு” என்றேன். எவ்வளவு பெருந்தன்மை என்று உன் அண்ணன்கூட அன்றைக்கு என்னைப் பற்றிச் சொன்னார்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். காரியம் முடியட்டும் என்றிருந்தேன். நீ யானம் போனாய். கடிதத்தில் எழுதலாம் என்றிருந்தேன். மாம்பழத்தைப் பற்றி எழுதினேன்.

பெரியவர் அந்தக் கையைத் தேடி எதிரிப் பாசறைக்குப் போனார். உன்னை அவ்வளவு தூரம் நடக்கவைக்க எனக்கு மனசில்லை. அந்தக் கை இதோ, இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறது.

படிவத்தைக் கொடுக்கும் முன் இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

தெட்சிணாமூர்த்தி

*

யானம்
1.10.2024

செல்வி அப்பாவுக்கு,

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் இப்படியே தொடங்குகிறேன்.

சனிக்கிழமை காரைக்காலுக்கு வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அஸ்ஃபியா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் அம்மா அமீர் நிஷா என்னைப் பார்த்துப் பயந்துபோய் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறுபடியும் அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அப்படி ஒரு முகத்தை நான் இன்னொரு தாய்க்கு வரவைத்திருக்கிறேன்.

உட்கார்ந்தேன். “ஏண்டி அப்படிச் சொன்ன?” என்றுதான் கேட்க முடிந்தது.

“வண்டி மாத்தறப்ப, ‘அம்மாட்ட மட்டும் சொல்லிடாதடி’ன்னா ஆன்ட்டி. அதுக்கப்புறம் அவ எங்கிட்ட எதுவுமே கேக்கல.”

அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தக் கைக்கு இரண்டு வருஷமாகச் சாபம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு முறிந்த மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. அடுப்படியில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. புரட்டாசிச் சனி என்று அமீர் நிஷாவே நினைவு வைத்துக்கொண்டு, எனக்காகப் புதுப் பாத்திரத்தில் தனியாகப் பருப்பு வேகவைத்தார். சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததை நான் மறந்துவிடுவேன். நம் பெண் சிரித்துக்கொண்டு போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்துக்கொள்கிறேன். ‘சின்னப் பொண்ணு, விடு’ என்றீர்களே, அந்தக் குரல்தான் போகமாட்டேன் என்கிறது. உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். நாயும் ரசமும் வரும் இடத்தில் சிரிப்பு வரவில்லை. எதை எழுதாமல் இருக்க இதை எழுதினீர்கள் என்றுதான் தோன்றியது.

திரும்பும்போது ஆட்டோ நம் தெரு வழியாகத்தான் வந்தது. மாடிக் கொடியில் உங்கள் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, யானம் என்று எழுதி நேற்றுக் கொடுத்துவிட்டேன். செல்வியின் அறைச் சாவியை அஸ்ஃபியாவிடம் கொடுங்கள். வேண்டிய புத்தகங்களை அவள் எடுத்துக்கொள்ளட்டும். இடம் மாறினால் பரவாயில்லை.

அந்தப் பகுதியை முழுசாக நடத்தி முடியுங்கள். அவளை வாசிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே வாசியுங்கள்.

மாத்திரையை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்கிங் போங்கள். இனியாவது நிஜமாகவே போங்கள்.

சந்திரலேகா