உன் காருக்குக் கெட்டி ஆயில் ஊற்றிய கதை

ஸ்ரீபெரும்புதூர்
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அந்த வின்னிபெக் குளிரில் காதுக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் வாயெடுப்பதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்கிறாய், அதற்குள் உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள், வைத்துவிடுகிறாய். இதை நீ குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்க வேண்டும்.

காரை வித்துடும்மா, சும்மா நின்னுகிட்டு இருக்கு என்று தீபாவளியன்று சொன்னாய் அல்லவா. நானும் சரி என்றேன். எதிர்வீட்டு யாக்கோபு அண்ணன் இருக்கிறாரே, லாரி ஓட்டி ஓய்ந்தவர், அவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் காரை வாலாஜாபாத் வரை ஓட்டிவிட்டு வருவார், நானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். நீ ஓட்டும்போது நான் உட்காருவேனே, அதே இடம். அவர் நெட்டை ஆள், உன் சீட்டில் முழங்கால் இடிக்கிறது என்று பின்னால் தள்ளிக்கொள்வார், திரும்பி வந்ததும் நீ வைத்திருந்த இடத்துக்கே நகர்த்தச் சொல்லி நான் நச்சரிப்பேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. விற்கப்போகிறோம் என்றதும் ஆயில் மாற்றிக் கொடுப்பதுதான் மரியாதை என்று அவரே கிளம்பிவிட்டார். ஆயில் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தவர், இன்னாமா இது, ஆயிலு தண்ணி கணக்கா கீது, நம்ம வூரு வெயிலுக்கு இது தாங்குமா, எவனோ உன்ன ஏமாத்திக்கீறான் என்று ஒரே சத்தம். தன் லாரிக்கு ஆயுசு முழுக்க ஊற்றிய அதே கெட்டி ஆயிலைத் தேடி வாங்கிவந்து, வாசலிலேயே படுத்துப் பழையதை இறக்கிவிட்டு ஊற்றினார். காசு கொடுத்தால் கோபித்துக்கொண்டார். பாசத்தில் செய்ததுதான், நீ அவர் மேல் கோபப்படக் கூடாது.

அதற்குப் பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினின் மேல்பக்கம் டக்டக்கென்று ஒரு சத்தம், வண்டி இழுக்கவில்லை, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது. அந்த வாரம்தான் ஒரகடத்தில் வேலை செய்கிற சுபாஷ் என்ற பையன் கார் பார்க்க வந்தான், புதிதாகக் கல்யாணமானவன். விளக்கைப் பார்த்ததும் எஞ்சின்ல வேல இருக்கும் போலக்கீதே ஆன்ட்டி, அப்புறம் பார்க்கலாம் என்று நழுவிவிட்டான். யாக்கோபு அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கோ, உன்னிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

மாடியில் குடியிருக்கிற ஜோதியைப் பற்றிச் சொன்னேனே, தென்காசிப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் எஞ்சின் கட்டுகிற லைனில் நிற்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்தவள் சத்தத்தைக் கேட்டுவிட்டு, எந்த ஆயில் ஊத்துனீங்க என்று கேட்டாள். சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் லைனில், சுழல்கிற தண்டைத் தாங்கும் பேரிங்கைக்கூட அளவுக்கென்று போட்ட வண்ணக் குறி பார்த்துத்தான் எடுத்துப் போடுவார்களாம், இடைவெளி அத்தனை நெருக்கமாம். யம்மா, இதுக்குள்ள இருக்க சந்துல தலமுடிகூட நுழையாது, அதுல போயி கூழ ஊத்துனா எப்பிடி ஏறும் என்றாள். மேலே வால்வு திறக்கிற நேரத்தை முன்பின் மாற்றுவதே ஆயிலின் அழுத்தம்தானாம், கெட்டி ஆயில் அங்கே மெதுவாகப் போவதால்தான் அந்தச் சத்தமும் விளக்கும். வெயிலை மட்டும் பார்த்து ஆயில் ஊற்றக் கூடாது, எஞ்சினை எப்படிக் கட்டியிருக்கிறார்களோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். யாக்கோபு அண்ணன் விடவில்லை, அப்போ நான் முப்பது வருசம் ஊத்திகினு இருந்தது தப்பா என்று மல்லுக்கு நின்றார். இல்லண்ணாச்சி, ஒங்க லாரிய கட்டுனதே வேற மாதிரி, இடைவெளி பெருசு, தேய்மானமும் சேந்துருக்கும், மெல்லிசு ஊத்துனா அங்க நிக்காம வழிஞ்சிரும், அதுக்கு ஒங்க ஆயில்தான் சரி என்று அவள் சொன்ன பிறகுதான் மனுஷன் அடங்கினார். இருவரும் சேர்ந்து கம்பெனி சொன்ன மெல்லிய ஆயிலை வாங்கிவந்து மாற்றினார்கள். இரண்டொரு நாளில் சத்தம் நின்றது, விளக்கும் அணைந்தது. இப்போது ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பையன் வேறு கார் பார்த்துப் போயிருப்பான், இது வாசலிலேயே நின்றிருக்கும். மனசு கேட்கவில்லை, நானே சுபாஷுக்குப் போன் செய்து வண்டி சரியாகிவிட்டது என்றேன். அவன் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, மார்கழியில் வேணாம் ஆன்ட்டி, தை பொறந்ததும் எடுத்துக்கறேன் என்று சொல்லியிருக்கிறான். ஆக, தை வரைக்கும் அது நம் வீட்டுக் கார்.

அப்பா போன பிறகு இந்த வாசலில் உன்னுடையது என்று நிற்பது அது ஒன்றுதான் ரஞ்சனி. அலமாரியில் உன் துணிமணி இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் யாரும் பெண் எப்போது வருகிறாள் என்று கேட்பதில்லை. காரைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நானும் வருவாள், வராமலா என்கிறேன். நீ விற்கச் சொன்னது கார் சும்மா நிற்கிறதே என்பதற்காகவா, இல்லை இனி இங்கே வந்து இருக்கப்போவதில்லை என்பதற்காகவா? இரண்டாவதுதான் என்றாலும் நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்ய மாட்டேன். சாவியை என் கையாலேயே அந்தப் பையனிடம் கொடுப்பேன். எனக்குத் தெரிந்தால் போதும்.

பனியில் நடக்கும்போது பார்த்து நட. ராத்திரியில் சோற்றைத் தவிர்த்துவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் நான் தினமும் விளக்கேற்றிக் கேட்பது.

ஒன்றை மறக்காதே. பதிலை எழுதி அனுப்பு, படம் பிடித்து ஜோதி போனுக்கு அனுப்பினாலும் போதும். போனில் மட்டும் சொல்லாதே. நீ எதைச் சொன்னாலும் நானும் சரிம்மா சரிம்மா என்றுதான் சொல்லிவிடுவேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ராஜாமணி