மா.வின் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு

நவ. 4, திங்கள்

தூறல். மெட்ரோபொலிட்டன் லைன் ட்ரெயின் தாமதம். விழுந்தடித்து வேலைக்கு ஓடினேன். போகாமலே இருந்திருக்கலாம்.

காலைக் கூட்டத்தில் மாலினி எழும்பி, என் தட்டைத் தன் தட்டு என்று சொன்னாள்.

எழுதிவைக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நாங்கள் செய்வது கடைகளின் குளிர்பெட்டிக்குள் வைக்கும் வெப்பமானி. மாலினி உள்ளே ரப்பர் வளையம் மாட்டுவாள். அடுத்த மேசையில் நான் மூடி போட்டு முடுக்குவேன். வளையம் மறந்தால் தண்ணீர் உள்ளே போகும், சாமான் திரும்பி வரும். அதற்குத்தான் குழி குழியாக ஒரு தட்டு. குழிக்கு ஒரு வளையம். ஒரு பெட்டிச் சாமான் முடிந்தபிறகும் குழியில் வளையம் மிஞ்சினால், எதிலோ மாட்டவில்லை என்று அர்த்தம். முட்டை அட்டையைப் பார்த்து எனக்கு வந்த யோசனை. போன கிழமை சாப்பாட்டு அறையில், அவள் கொண்டுவந்த புட்டைத் தின்றுகொண்டே நானே என் வாயால் சொன்னேன்.

எங்கள் ஜப்பான்கார முதலாளி மொரி சான் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்! இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

அவளை இந்தக் கம்பனியில் சேர்த்துவிட்டதே நான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. இனி முழுப்பெயர் எழுதமாட்டேன். மா. போதும்.

நவ. 5, செவ்வாய்

வெள்ளைக்காரர் வருஷா வருஷம் வெடி கொளுத்தும் நாள், ஊர் முழுக்க வாணவெடி. ஹரோவில் ஒரு தோட்டம் மிச்சமில்லை. தலையிடி.

இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடப்பா, ஒரு தட்டுக்குப் போய்" என்றார்.

தட்டுக்காக இல்லை. இந்த மாதக் கடைசியில் பயிற்சியாளர் ஒருவரைத் தெரிவு செய்கிறார்கள். நானும் மா.வும்தான் பட்டியலில். கிடைத்தால் நாள் முழுக்க நிற்கத் தேவையில்லை, முழங்கால் தப்பும். ஜப்பானில் உள்ள தாய்த் தொழிற்சாலையையும் பார்க்கலாம். அதைவிட, புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து கேட்டுப் படிப்பார்கள். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு அது வேண்டும்.

வாங்க: வெங்காயம், பால், இவருக்குச் சளி மருந்து.
பழிவாங்க: யோசிக்க வேண்டும்.

நவ. 8, வெள்ளி

யோசித்தாயிற்று. கயிறு!

எங்கள் இடத்தில் ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு கயிறு, ஒரு மஞ்சள் விளக்கு. யார் பிழையைக் கண்டாலும், அது பிறந்த மேசையின் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேசை வரிசை முழுக்க வேலை லைன் நிற்கும், மொரி சான் வருவார். ஏச்சு இல்லை. இழுத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பிழை எப்படி வந்தது என்று பார்ப்பார். ஜப்பான்காரர் முறை அது. நம்மவர்கள் இழுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவளைக் காட்டிக்கொடுக்கலாமா? மேசைக்குக் கீழே வைத்துத் திருத்திவிடுவோம். மா.வின் பிழைகளை இவ்வளவு நாளும் அப்படித்தான் மூடினேன்.

இன்று ஒரு வளையம் முறுக்கிக் கிடந்தது. இழுத்தேன்.

அவள் தலைக்கு மேல் மஞ்சள். முழு லைனும் திரும்பிப் பார்த்தது. மொரி சான் எனக்கு நன்றி சொன்னார்.

"அக்கா, சொல்லியிருக்கலாமே. நான் மாத்தித் தந்திருப்பன்."

"கண்டா இழுக்கோணும் எண்டுதானே பிள்ளை சட்டம்."

பாயாசம் குடித்த மாதிரி இருந்தது. இரவு நல்ல நித்திரை வரும்.

நவ. 14, வியாழன்

குளிர். கையுறை ஒன்று ட்ரெயினில் தொலைந்தது.

கிழமை முழுக்க இழுத்தேன். முறுக்கு, தும்பு, பாதி மாட்டினது. நேற்று மா. அழுதாள், கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு. கேட்டது. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. கைதட்டலை நினைத்துக்கொண்டேன், போய்விட்டது.

ஒன்றுதான் பிடிக்கவில்லை. மொரி சான் கதிரையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ஏன் முறுக்கியது? அதிகாலைக் குளிரில் ரப்பர் விறைக்கிறது. ஏன் விறைக்கிறது? வளையப் பெட்டி கதவடியில் இருக்கிறது. பெட்டியை ஹீட்டர் பக்கம் மாற்றினார்கள். வெளிச்சத்தையும் மாற்றினார்கள். இன்று அவள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். சிரிப்பவள் அழுவாள்.

நவ. 20, புதன்

இழுக்க ஒன்றுமே இல்லை. திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நகத்தால் தடவினேன். ஒரு வளையம்கூடப் பிசகவில்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது.

மத்தியானம் வாடிக்கையாளர் கம்பனியிலிருந்து ஆட்கள். மொரி சான் நேரே மா.வின் மேசைக்குத்தான் கூட்டிவந்தார். அவள் ஒவ்வொன்றாக விளக்கினாள். பிழை இங்கே வரும், இதனால் வரும், இப்படித் தடுத்தோம். அத்தனையும் நான் பிடித்த பிழைகள். வந்தவர்கள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்கள். என் மேசையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இவருக்கு இருமல் குறையவில்லை. ஜிபி டாக்டரிடம் நேரம் எடுக்க வேண்டும்.

நவ. 29, வெள்ளி

மா.வுக்குத்தான்.

மொரி சான் என்னை அறைக்குக் கூப்பிட்டு, தன் கையால் தேநீர் ஊற்றித் தந்தார். அப்போதே விளங்கிவிட்டது. மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: உங்கள் மேசை விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிழையே விடாதவர், பிழை எங்கே வரும் என்று மற்றவருக்கு எப்படிக் காட்டுவார் என்று கேட்டார்.

பிறகு எழும்பி நின்று, மாலினியை வளர்த்துவிட்டது நீங்கள்தான் என்று சொல்லிக் குனிந்து வணங்கினார். உண்மையாகவே நன்றி சொல்கிறார் அந்த மனுஷன். அதுதான் தாங்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வெட்டினவள் நான். ட்ரெயினில் அழுதேன். ஹரோவில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தேன்.

நவ. 30, சனி

மழை. உடுப்புத் தோய்த்தேன். மா. பிளேஸ்டோவில் தன் வீட்டிலிருந்து திரும்பத் திரும்பப் போன் எடுத்தாள். நான் எடுக்கவில்லை. பிறகு மெசேஜ்: திங்கள் முதல் வகுப்பு, வளையம் மாட்டும் வேலை, முதல் மாணவி நான். அவளே மொரி சானிடம் கேட்டு வாங்கினாளாம்.

மூடி மேசைக்கு வரமுன் வருஷக்கணக்காக வளையம் மாட்டினவள் நான். எனக்குப் படிப்பிக்கப் போகிறாளாம்!

கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மொரி சான் அடிக்கடி சொல்லும் விதி ஒன்று இருக்கிறது: மாணவர் படிக்கவில்லை என்றால் ஆசிரியர் படிப்பிக்கவில்லை. மாணவரைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. நான் தேறாவிட்டால் தோற்பது அவள்தான்.

நான் படிக்கப் போவதில்லை.

இவரிடம் சொன்னேன். "உமக்கென்ன, விசரே?"

"ஓம், விசர்தான்."

நிறைய நாளைக்குப் பிறகு நல்ல பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

டிச. 2, திங்கள்

வானம் வெளுப்பு. முதல் வளையம் முறுக்கு, இரண்டாவது மறதி, மூன்றாவது பாதி என்று ட்ரெயினிலேயே தீர்மானித்துக்கொண்டு போனேன்.

மா. பொறுமையாகக் காட்டினாள். மொரி சானும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். என் முறை.

முதல் வளையத்தை எடுத்தேன். முறுக்கினேன். முறுக்கிய இடத்தை விரல் தானே தடவி நேராக்கிவிட்டது. அடுத்ததைத் தவறவிட நினைத்தேன். வெறுமையாக அந்தச் சாமானை நகர்த்த முடியவில்லை, கை திரும்பிப்போய் வளையத்தை எடுத்துக்கொண்டு வந்தது. அடுத்ததும் அப்படித்தான். வியர்த்தது. பல்லைக் கடித்தேன். பெட்டி முடிந்தது, தட்டில் ஒரு குழியிலும் வளையம் இல்லை. எல்லாம் சரி.

மொரி சான் கைதட்டினார். முதல் வகுப்பு, முதல் தேர்ச்சி. எல்லோரும் மா.வின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

தட்டை எடுக்கிற சாட்டில் குனிந்து, என் காதடியில் சொன்னாள்: "உங்களுக்குப் பிழை விட ஏலாது அக்கா. அதுதான் முதல் ஆளா உங்களைக் கேட்டனான்."