ஏழாம் வளைவில் நின்ற வண்டியும் உறங்காத வெண்ணியும்: காற்றுவாய்க் கணவாயினின்று போந்த ஓலை

மழை தவறாத குன்றும், ஊற்று வற்றாத சுனையும், அவற்றைக் காத்து நிற்கும் நெடுங்குன்ற நாட்டு வேந்தர் குன்றவேள் பெருமகனாரின் வெண்குடையும் நீடு வாழ்க. மூன்று தலைமுறையாகக் காற்றுவாய்க் கணவாயைக் காத்துவரும் குடியில் பிறந்தவனும், அரச அஞ்சற்படையின் மலைப்பிரிவுத் தலைவனும், கையெழுத்துக்குப் பதிலாக அரக்கில் கட்டைவிரல் அழுத்துபவனுமாகிய ஆலங்கோ, கோநகர் அரச பணிமனையின் தலைவரும், சக்கரமும் மின்சாரமும் தம் விரலசைவுக்குக் காத்திருக்கும் எனத் தம் வாயிற்கல்லில் தாமே பொறித்துக்கொண்டவருமாகிய இளஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் மனையும் மக்களும் பணிமனைக் கூரையும் நலமாயிருக்க. ஆலங்கோவுக்கு நலமில்லை. இடுப்பு நோகிறது. காரணம் கீழே வரும்.

கணவாய் அடிவாரச் சாவடியிலிருந்து மலையேறிக் கோநகருக்கு ஓலையும் மருந்துப் பெட்டியும் சுமந்து செல்வது வெண்ணி என்பவளின் மின்சைக்கிள். வைகாசியில் அவள் கைக்கு வந்த நாள்முதல் அவ்வண்டி ஏற்றத்தின் ஏழாம் வளைவை எட்டியதும் உயிர் போனாற்போல் நிற்பதும், அவள் அதை மூச்சிரைக்கத் தள்ளி உச்சிச் சமதளத்துக்குக் கொண்டுபோனதும் ஒன்றும் நடவாததுபோல் ஓடுவதும் வழக்கமாயிற்று. மூன்று முறை வண்டி உம் பணிமனையில் விடப்பட்டது. மூன்று முறையும் பழுதொன்றும் இல்லை என்று ஓலை வந்தது. மூன்றாம் ஓலையில் அதற்கு ஒரு வாலும் இருந்தது. ஓட்டுபவள் மரநிழலில் உறங்கிவிட்டு வண்டியின்மேல் பழிபோடுகிறாள் என்றும், வரும் பௌர்ணமியன்று அவளுடைய அஞ்சற்பட்டயத்தைப் பறித்துப் படைவரிசையிலிருந்து பெயரை நீக்குக என்றும் எழுதியிருந்தீர். பௌர்ணமி நாளை.

உம்மை ஆலங்கோ நம்பவில்லை. அவளையும் நம்பவில்லை என்பதைச் சொல்லிவிடுவதே முறை. யார் சொன்னாலும் தன் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு என்றுமே இருந்ததில்லை. உம் ஓலையைப் படித்துக் காட்டியபோது, “பெரியவரே, நான் தூங்கினேன்னு எழுதின மகராசன் ஒருநாள் இந்த ஏத்தத்துல வண்டியத் தள்ளிட்டு வரட்டும், அப்புறம் யாருக்குத் தூக்கம் வருதுன்னு பாக்கலாம்” என்று அவள் சொன்னாள். ஆலங்கோ சொல்லச்சொல்ல இவ்வோலையை எழுதும் எழுத்தன் இதை நயமாக மாற்றப் பார்த்தான். சொன்னபடியே எழுது என்று ஆலங்கோ உத்தரவிட்டதால் சொன்னபடியே இங்கே இருக்கிறது.

ஆகவே அறுபத்தெட்டு வயதில் அவனே அவளோடு மலையேறினான். ஏழாம் வளைவில் வண்டி நின்றது. பேட்டரியில் சார்ஜ் முக்கால் பங்குக்கு மேல் காட்டியது. காட்டுவதை நம்பாமல், பின்னால் கழுதைமேல் ஏற்றிவந்த வேறு வண்டியின் பேட்டரியை மாட்டினான். அப்போதும் நின்றது. ஒயர் சேரும் இடங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தான். களிம்பில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினான். எங்கும் உரசாமல் சுற்றியது. மருந்துப் பெட்டியை இறக்கினான், சக்கரத்தில் காற்றை அமுக்கிப் பார்த்தான், மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்த்தான். ஆட்டுக்குட்டியின் நெற்றியைவிட அதிகச் சூடில்லை.

கடைசியில் தள்ளத் தொடங்கினார்கள். வெண்ணி இருக்கையில் அமர்ந்து, முறுக்குப்பிடியைத் திருகியபடி காலால் உந்த, ஆலங்கோ வலப்புறம் நின்று தள்ளினான். வலக்கைப் பிரேக் பிடியில் உம் பணிமனை சங்கிலியிட்டுத் தொங்கவிட்டிருக்கும் அரச இலச்சினைச் செம்புத்தகடு, அடிக்கொருதரம் அவன் முழங்கையில் இடித்தது. பத்தாம் இடியில் பொறுமை கெட்டு, இந்தச் சனியன் வேறா என்று அதை ஏந்தித் தூக்கினான். மோட்டார் உறுமியது. வண்டி வெண்ணியோடு தாவிப் போயிற்று. ஆலங்கோ ஈச்சம்புதரில் மல்லாந்தான். இடுப்பின் செய்தி இதுவே. அவள் திரும்பி வந்து தூக்கிவிட்டாள், தூக்கும்போது சிரித்தாள், அதையும் மறைக்கவில்லை.

தகட்டைத் தொங்கவிட்டால் வண்டி செத்தது, தூக்கினால் பிழைத்தது. ஏழுமுறை செய்து பார்த்தான், தன் கண்ணையும் எளிதில் நம்பாதவன் ஆகையால். பிரேக் பிடித்தால் மோட்டார் தானே ஓய்வதற்காகப் பிடியின் அடியில் ஒரு சிறு சுவிட்ச் வைத்திருக்கிறீர். நல்லதுதான். சமதளத்தில் தகடு நேர்கீழே தொங்கும், தொல்லையில்லை. ஏழாம் வளைவில் தொடங்கும் செங்குத்து ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கும்போது கால் வீசைச் செம்பும் பின்னோக்கிச் சாய்ந்து பிடியை ஒரு நெல்லளவு இழுக்கிறது. சுவிட்சுக்கு அந்த நெல்லளவு போதும். பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே மோட்டார் ஓய்ந்துவிடுகிறது.

இதை எழுத்தறியாக் கிழவன் புதரில் விழுந்து அறிந்தான். நாற்பது கம்மியர் வேலைசெய்யும் பணிமனை ஏன் அறியவில்லை? வெண்ணி சொல்லக் கேட்டபோது ஆலங்கோவுக்கு உச்சந்தலை கொதித்தது. வண்டி வாயிலுக்குள் நுழைந்ததும் அரச இலச்சினைமேல் எண்ணெய்க்கை படலாகாது என்று தகட்டைக் கழற்றி, சந்தனம் பூசி, பட்டு மெத்தையில் வைத்துவிடுகிறீர்களாம்! பிறகு தகடில்லாத வண்டியைக் கல் பாவிய முற்றத்தில் நான்கு சுற்று ஓட்டிப் பார்த்து, பழுதில்லை என்று எழுதி, மறுபடியும் சங்கு ஊதித் தகட்டை மாட்டி அனுப்புகிறீர்களாம். பழுதைக் கழற்றி மெத்தையில் படுக்கவைத்துவிட்டு வண்டியில் பழுது தேடினால் எங்கே கிடைக்கும்? கிடைக்காதபோது, ஒருநாள் மலையேறிப் பார்ப்பதைவிட ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்பது எளிதாயிருந்தது உமக்கு. உறங்கியது யார் என்பதை உம் மனம் அறியும்.

ஆலங்கோ இலச்சினையை இகழ்ந்தான் என்று அவையில் கிளப்பலாம் என எண்ண வேண்டா. தன் பெயர் பொறித்த செம்பு, தன் வண்டியையே மலையில் நிறுத்துவதை எந்த வேந்தரும் விரும்பார். வலக்கைப் பக்கம் தொங்கவேண்டும் என்ற வழக்கம் குதிரைக் காலத்தது. குதிரைக்குப் பிரேக் பிடி கிடையாது.

ஆகவே அறிக: இன்றுமுதல் காற்றுவாய் எல்லைக்குள் எந்த வண்டியின் பிடியிலும் தகடு தொங்கலாகாது, முன்விளக்கின்மேல் திருகாணியிட்டு இறுக்கப்படுவதாக. வெண்ணியின் பட்டயத்தைப் பறிக்கச் சொன்ன உம் மூன்றாம் ஓலையும் அவள் கையில் வருகிறது; அதிலுள்ள ஆணையை நீர் உம் கைப்பட அழித்து, அவளிடமே கொடுத்தனுப்பக் கடவீர். அந்த ஓலை இங்கே அடுப்பெரிக்க ஆகும். கழற்றிய தகடு இத்துடன் துணியில் சுற்றி வருகிறது. மெத்தையில் வையும்.

ஆலங்கோ சொல்ல, எழுத்தன் எழுதி, இருமுறை படித்துக்காட்டி, அரக்கில் கட்டைவிரல் பதித்துக் கட்டியது பகல் எட்டாம் நாழிகை. இதற்குமுன் இவ்வழிக்கு இருபது நாழிகை ஆயிற்று. உம் கைக்கு வந்த நாழிகையை நீரே கீழே குறியும். வழிக்குப் பன்னிரண்டு நாழிகைக்கு மேல் ஆகியிருந்தால் அவள் பட்டயத்தோடு ஆலங்கோவின் பட்டயத்தையும் பறித்துக்கொள்ளும்.

ஓலையைக் கொடுத்துவிட்டு உம் எதிரே நிற்பவள்தான் வெண்ணி. உறங்கி எழுந்த முகமா என்று நன்றாகப் பாரும். அதற்குமுன் குடிக்கத் தண்ணீர் கொடும்.