கடலைப் பார்த்த வெயில் பலகை

பாலமுனை,
02.02.1996

கண்ணான உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா நலம், உங்கள் மூத்த மகள் றாஹிலா றாத்தா நலம். நானும் நலம்தான், என்னால் மற்றவர்களுக்குத்தான் நலக்குறைவு.

உம்மா, உட்கார்ந்து வாசியுங்கள். நம் வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது! மெயின் றோட்டோடு நின்றுபோன கம்பத்தில் இல்லை, வானத்திலிருந்து. கம்பம் எட்டாத வீடுகளுக்கெல்லாம் மாகாண அரசாங்கம் வெயிலைக் கரண்டாக்கும் வெயில் பலகை கொடுக்கிறது. கல்முனை ஆபீஸிலிருந்து எஞ்சினியர் அழகரெத்தினம் சேர் வந்து கூரையில் பலகையை மல்லாக்கப் படுக்கவைத்து, உள்ளே பெட்டறியும் மூன்று லைட்டும் பூட்டினார். நாம் நோன்பு என்று, அந்த வெயிலிலும் நம் முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை.

இந்த நோன்பில் பகலெல்லாம் தின்கிற ஒரே ஆள் நம் பலகைதான். நோன்பு திறக்கும் நேரம் தின்றதையெல்லாம் நமக்கே தந்துவிடுகிறது. இப்படி ஒரு நல்ல பிள்ளையை நீங்கள் பெறவில்லை.

பக்கத்து ஒலுவில் கரையில் காற்றை அளக்கவும் ஒரு நெடுங்கம்பம் நட்டிருக்கிறார்கள். உச்சியில் கிண்ணங்கள் சுற்றுகின்றன. ‘அதில் ஐஸ்கிரீம் செய்கிறார்கள்’ என்றேன். தெருச் சின்னவர்கள் அஸர் பாங்கு சொல்லும்வரை அங்கேயே காத்திருந்தார்கள்.

வாப்பா ஒரு திருத்தம் செய்தார். சேர் போனதும் கூரையில் ஏறி, “சூரியன் கடலுக்குள்ள இருந்துதானே வாறான். வாற விருந்தாளிக்கு முகத்தைக் காட்டாமக் கிடக்குது பாரு” என்று பலகையைக் கடலைப் பார்க்க நிமிர்த்திவிட்டார். தெருவே அவரைப் பார்த்து நிமிர்த்திவிட்டது.

“கரண்ட் இல்லாத வீட்டுக்கு என்ட மகனை மாப்பிள்ளையா அனுப்பமாட்டன்” என்ற றாபியா மாமி இனி என்ன சொல்வா? றாத்தாவைக் கட்டி மிஹ்லார் மச்சான் வந்து குடியிருக்க, இந்த வீட்டுக்குக் கம்பம் இழுக்கக் காசு வேண்டும் என்றுதானே நீங்கள் குவைத் போனீர்கள். இனி வரலாம்தானே?

உங்கள் தொல்லை,
நிப்லா

குவைத்,
27.02.1996

செல்ல மகள் நிப்லாவுக்கு, ஸலாம்.

உட்கார்ந்து வாசிக்கச் சொன்னாய். வேலைவீட்டுக் குசினியில், அடுப்பு முன்னால் நின்றேதான் வாசித்தேன். தனியாகச் சிரிப்பதைக் கண்டு மேடம் பயந்துவிட்டா.

என் ஒப்பந்தம் மே மாதக் கடைசியில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். றாபியா மாமியை ஒரு நாள் பொழுதுபட மஃரிபுக்குக் கூப்பிட்டு லைட்டைக் காட்டுங்கள். அவ ஓம் என்றால் நான் வந்துவிடுவேன்.

கூரையில் ஏறாதே. ஏறியிருப்பாய், தெரியும்.

உம்மா

பாலமுனை,
20.03.1996

அன்பு உம்மாவுக்கு, ஸலாம்.

மாமி வந்தா. றாத்தா சுவிச்சைப் போட்டா. பளிச்! மாமி வாயைத் திறந்தபடி இருந்தா. அந்த வாய்க்கு வட்டிலப்பம் போய்ச்சேருமுன் லைட் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது.

“இதென்னகா, மின்மினியைப் பிடிச்சிக் கட்டிவெச்சிரிக்கீங்களா?” என்றா மாமி. “கம்பத்துல வாறதுதான் கரண்ட். அது வரட்டும், பொறகு கதைப்பம்.”

“லைட்டுக்கு உங்களைக் கண்டு வெட்கம் மாமி” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. றாத்தா குப்பிலாம்பைக் கொளுத்திவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனா. மாமி போகுமட்டும் வெளியே வரவில்லை.

நிப்லா

குவைத்,
11.04.1996

மகள், கவலைப்படாதே. கையெழுத்துப் போடப்போகிறேன். கம்பமே வரட்டும். றாத்தாவுக்குப் பகிடி சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டே இரு. அது உன் வேலை. இது என் வேலை.

உம்மா

பாலமுனை,
09.05.1996

உம்மா, பேனையைக் கீழே வையுங்கள்!

கொடுத்ததோடு மறந்துபோகிற ஆட்கள் இல்லை இவர்கள். ஒருவரும் கூப்பிடாமலே, வீடு வீடாகப் பார்க்க அழகரெத்தினம் சேர் திரும்பி வந்தார். தெரு முழுக்கப் பலகைகள் கடலைப் பார்த்து நிற்பதைக் கண்டு தலையில் கைவைத்தார், வாப்பாவிடம் கேட்டார்:

“ஜவுபர் காக்கா, சூரியன் கடல்ல இருந்து வாறது சரிதான். வந்தவர் அங்கேயே நிக்கிறாரா? மத்தியானம் உங்கட தலைக்கு மேல நிக்கிறார். இது கடல் பார்த்துக்கொண்டு நிண்டா எப்ப சாப்பிடுறது?”

வாப்பா ஏணியை எடுத்துவந்தார். பின்னேரத்துக்குள் எல்லாப் பலகையும் மறுபடி மல்லாக்கப் படுத்துவிட்டன. அன்று மாமி முன்னால் லைட் சிமிட்டி அணைந்தது பசியில்தான்.

இப்போது மலைநாட்டு அணைகளில் தண்ணீர் இல்லை, நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. மழையை நம்பியிருந்தவர்கள் வெயிலையும் வேலைக்கு எடுத்தது எவ்வளவு நல்லது! றாபியா மாமி வீட்டு வாசலில் கம்பம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, கரண்ட்தான் இல்லை. மஃரிபானால் மெயின் றோட் கரி. நம் கடற்கரைத் தெருவில் பெருநாள்.

நேற்று மாமி தானாகவே வந்தா.

“மின்மினி பார்க்க வந்தீங்களா மாமி?”

“வாயை மூடுகா, வாயாடி!”

இஷா பாங்கு சொல்லுமட்டும் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. அது ஒரு தரம்கூடச் சிமிட்டவில்லை. பிறகு வாப்பாவிடம், “தம்பி, புள்ளைகள்ட காவின் கலியாணத்தை எப்ப வெச்சிக்குவம்?” என்றா. றாத்தா அடுப்படிக்குள் ஓடினா, இந்த முறை வெட்கத்தில்.

“புள்ளைட உம்மா வரட்டும்” என்றார் வாப்பா.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா உம்மா? இதைப் பகிடியாகக் கேட்கவில்லை.

நிப்லா

குவைத்,
28.05.1996

என் தொல்லைக்கு, ஸலாம்.

பேனையைக் கீழே வைத்துவிட்டேன். மேடத்துக்குக் கோபம்தான். அடுத்த மாதம் வருகிறேன். அழகரெத்தினம் சேருக்கு என் துஆவைச் சொல். அவர் வீட்டுக்கும் பேரீச்சம்பழம் கொண்டுவருவேன்.

இந்த வீட்டில் மஃரிபானால் அறை அறையாகப் போய் லைட் போடுவது நான்தான். ஒன்றுகூட எனக்காகப் போட்டதில்லை. நான் வந்துசேரும் நேரம் இருட்டாக இருந்தால் இருக்கட்டும், ஒருவரும் சுவிச்சில் கைவைக்கக் கூடாது. அதை எனக்கு விட்டுவையுங்கள்.

நிப்லா, உன்னைத்தான் சொல்கிறேன்.

உம்மா