திரையில் யாரும் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

ரேடாருக்குத் தெரியாத ஆளில்லாப் போர் விமானத்தை நாங்களே செய்கிறோம் என்றேனே, ரேடார் அலையை விழுங்கும் அதன் கறுப்பு உறை ஒருவழியாகக் கைகூடியது. ஒரேயொரு ஸ்க்ரூவின் தலை மட்டும் திரையில் புள்ளியாகக் காட்டிக்கொடுத்தது. அதை மூட, சோதனை அறையில் விமானத்துக்கு அடியில் படுத்திருந்தேன். குளிருக்கு அந்த உறையின் மிச்சத்தையே போர்த்திக்கொண்டேன், புத்தி அப்படி.

வெளியே திரையில் புள்ளி மறைந்ததும் மேலதிகாரி, "உள்ள யாரும் இல்ல, சாப்பிடப் போலாம்" என்று கதவைப் பூட்டிவிட்டாராம். சுவரெல்லாம் ரேடார் அலையோடு சத்தத்தையும் உறிஞ்சும் பஞ்சு. "சார்" என்று கத்தினேன். குரல் உதட்டைத் தாண்டவில்லை. என் நெஞ்சு அடிப்பது மட்டும் யாரோ நடந்து வருவதுபோல் கேட்டது. நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

திரும்பி வந்து திறந்தவர், "விமானத்தவிட நீதாம்மா பாஸாயிட்ட" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். போனில் நான் பேசும்போது வாயே திறக்காமல் கேட்பீர்களே அப்பா, இனிமேல் நடுநடுவே ஒரு 'உம்' கொட்டுங்கள்.

உங்கள் மகள்